மரக்கால் நிறைய அளந்தவர்

ஒரு மனிதர் 91 ஆண்டுகள் வாழ்ந்தார் என்று சொல்வது எளிது. அந்த 91 ஆண்டுகளில் அவர் எத்தனை முறை வரப்பில் நின்று வானத்தைப் பார்த்திருப்பார், எத்தனை இரவுகள் மடையருகே விழித்திருந்திருப்பார், எத்தனை விளைச்சலைத் தாம் உண்ணாமல் பிறர் உண்ணக் கொடுத்திருப்பார் என்று கணக்கிடத் தொடங்கினால், அந்த எளிய எண் ஒரு பெருநூலாக விரிந்துவிடும். உழவரின் வாழ்வு பெரும்பாலும் எழுதப்படாத நூல். அவர் கைப்பட எழுதியது மண்ணில் மட்டுமே. அடுத்த உழவில் அதுவும் அழிந்துவிடும். ஆகவேதான் பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் பதினொருவரும் கூடிப் பேசி, எங்கள் பாட்டனாரைப் பற்றி எங்களுக்கு நினைவிலிருப்பவற்றையும், எங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டவற்றையும் தொகுத்து, நம் குடும்ப இதழின் அன்பர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

அவர் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அவர் இருந்திருந்தால் அதனை விரும்பியிருக்கமாட்டார். ஊரார் அவரைப் ‘பெரியவர்’ என்றே அழைத்தார்கள். நாமும் அவ்வாறே அழைப்போம்.

ஆற்றோடு வளர்ந்தவர்

பெரியவர் பிறந்தது 1910-ஆம் ஆண்டில். காவிரியின் கிளையான வெண்ணாற்றுப் பாசனத்தில், கிழக்குத் தஞ்சையில் அமைந்த ஒரு சிற்றூர் அவர் ஊர். ஓலைக் கூரை வேய்ந்த கோவில் ஒன்றும், கிளைப்பங்காதலால் மாதம் ஒருமுறை வந்து பூசை வைக்கும் குருவானவரும், மற்ற நாட்களில் செபம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியாருமே அன்று அவ்வூரின் ஞானச் செல்வம். 1952-இல் தஞ்சை மறைமாவட்டம் தோன்றும் வரையில் எங்கள் ஊர் மயிலாப்பூர் மேற்றிராசனத்தைச் சேர்ந்திருந்தது. “நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம்; மேற்றிராணியார்தாம் மயிலாப்பூரிலிருந்து தஞ்சாவூருக்கு வந்துவிட்டார்” என்று பெரியவர் வேடிக்கையாகக் கூறுவார்.

தந்தை வழியில் அவருக்குக் கிடைத்தது 6 மா நிலம். தஞ்சைப் பகுதிக்குப் புதியவர்களுக்காகச் சொல்லுகிறோம்: 100 குழி சேர்ந்தது ஒரு மா, 3 மா ஏறக்குறைய ஓர் ஏக்கர், 20 மா சேர்ந்தது ஒரு வேலி. வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்த மிராசுதாரர்கள் நடுவே 6 மாக்காரர் ஒரு சிறு புள்ளி. அவர் தம் உழைப்பால் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்த 9 மாவையும் கூட்டி, முதுமையில் அவரிடம் இருந்தது 15 மா. அதற்குமேல் ஒரு குழிகூட அவர் ஆசைப்பட்டதில்லை.

மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட 1934-ஆம் ஆண்டில் அவருக்கு வயது 24. அதற்கு முன் ஆற்றில் எப்போது வெள்ளம் வரும், எப்போது வற்றும் என்பதை மேற்கு மலையில் பெய்யும் மழையே தீர்மானித்தது. 120 அடி உயரத்துக்கு நீரைத் தேக்கி, 93.47 டி.எம்.சி. கொள்ளும் அந்த அணை வந்த பின்னர், ஜூன் 12 என்ற நாள் காவிரிப் படுகை உழவர்களுக்கு ஒரு திருநாளாயிற்று. அந்நாளில் அணை திறந்தால் குறுவை உண்டு. தாமதித்தால் சம்பா மட்டுமே. பெரியவரின் நாட்காட்டியில் மறவாது குறிக்கப்பட்ட நாட்கள் பாஸ்காத் திருநாள், ஜூன் 12, மாதா பிறந்த செப்டம்பர் 8, கிறிஸ்து பிறப்பு ஆகிய நான்கே என்பார் எங்கள் பாட்டியார்.

கல்லணையைக் கடந்து தண்ணீர் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேரும் நாளில் அவர் செய்யும் ஒரு செயலை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம். வாய்க்காலில் நுரையோடும் சருகோடும் முதல் நீர் வரும். பெரியவர் செருப்பைக் கழற்றி வைத்து, நீரில் இறங்கி, ஒரு கை அள்ளி நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வார். பிறகுதான் மடையைத் திறப்பார். தீர்த்தத் தொட்டியில் கைவைத்துக் கோவிலுக்குள் நுழைபவருக்கும், வாய்க்காலில் கைவைத்து வயலுக்குள் நுழைபவருக்கும் அவர் வேறுபாடு கண்டதில்லை.

வேலையும் செபமும்

விடியற்காலைத் திரிகால மணி அடிக்கும் முன்னரே அவர் வயலில் இருப்பார். மணி அடித்ததும் கலப்பையின் மேழியைப் பிடித்தபடியே நின்று, தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு மங்கள வார்த்தை செபம் சொல்வார். மாடுகளும் பழகிப் போய், மணியோசை கேட்டால் தாமே நின்றுவிடும்.

விண்ணேற்றத் திருநாளுக்கு முந்திய மூன்று நாட்களும் அக்காலத்தில் மன்றாட்டு நாட்களாக அனுசரிக்கப்பட்டன. சகல அர்ச்சியசிஷ்டவர்களுடைய பிரார்த்தனையைப் பாடிக்கொண்டு வயல்களின் ஓரமாகச் சுற்றுப்பிரகாரம் செல்வார்கள். குருவானவர் விதைநெல்லை மந்திரிப்பார். உழவர்களின் பாதுகாவலரான அர்ச். இசிதோர் 1622-ஆம் ஆண்டில் புனிதர் சவேரியார், புனிதர் இஞ்ஞாசியார், புனித அவிலா தெரேசம்மாள் ஆகியோரோடு ஒரே நாளில் புனிதர் பட்டம் பெற்றவர் என்பதை உபதேசியார் சொல்லக் கேட்ட நாள்முதல், அவ்வேர்க்கூலிக்காரரிடம் பெரியவருக்குத் தனிப் பற்று. “பெரிய பெரிய படிப்பாளிகளோடு ஒரு பண்ணையாளையும் சேர்த்துத் திருச்சபை பீடத்தில் ஏற்றியிருக்கிறது, பார்த்தீர்களா?” என்று எங்களிடம் பெருமையாகச் சொல்வார்.

ஒட்டடையான், குடைவாழை, கட்டைச் சம்பா, சீரகச் சம்பா என அவர் பயிரிட்ட நெல்வகைகளின் பெயர்களைச் சொல்லும்போதே எங்களுக்கு வாயூறும். தொழுவுரமும் கொழுஞ்சித் தழையுமே அன்று உரம். சம்பா அறுவடைக்குச் சில நாட்கள் முன்னதாக ஈர மண்ணில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார். நெல் போன பின் அவை தாமே தலைதூக்கும். 1960-களில் தஞ்சை மாவட்டத்துக்குத் தீவிர வேளாண் திட்டமும், அதன்பின் ஆடுதுறை 27 என்ற குறுகியகால நெல்லும் வந்தபோது, ஊரில் பலரும் தயங்கினர். பெரியவர் தம் நிலத்தில் ஒரு மாவில் மட்டும் பயிரிட்டுப் பார்த்தார். விளைச்சலைக் கண்டதும் அடுத்த ஆண்டு மேலும் மூன்று மாவுக்குப் பரப்பினார். ஆயினும் வீட்டுக்கென ஒரு மா சீரகச் சம்பாவை விடவில்லை. புதியதை மறுத்தவரும் அல்லர். பழையதைத் துறந்தவரும் அல்லர்.

அவ்வாறே, சங்கத்துக்குப்பின் பூசை தமிழில் வந்தபோது ஊரின் மூத்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பெரியவர் மகிழ்ந்தார். “ஐம்பது வருஷமாகச் சாமியார் ஆண்டவரிடம் என்ன பேசுகிறார் என்று தெரியாமலே ஆமென் சொன்னேன். இனித் தெரிந்து சொல்வேன்” என்றார்.

1968-ஆம் ஆண்டின் கிறிஸ்து பிறப்பு

இனி நாங்கள் எழுதப்போவது எங்கள் குடும்பம் நெடுங்காலம் வெளியில் சொல்லாதிருந்த செய்தி. பெரியவரே முதுமையில், “இதை மறைத்தால் நான் செய்தது பாதிதான்” என்று கூறியமையால் எழுதுகிறோம்.

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25 இரவு, எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத கீழவெண்மணியில், நெற்கூலியை உயர்த்திக் கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். பாலன் பிறந்த நாளின் இரவு அது. இரண்டொரு நாளில் செய்தி ஊர் வந்து சேர்ந்தது. எங்களுள் மூத்தவர்கள் அன்று பள்ளிச் சிறுவர்கள். கோவிலில் குடில் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. வைக்கோலால் வேய்ந்த அக்குடிலைப் பெரியவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றதையும், அன்று அவர் சாப்பிடவில்லை என்பதையும் அவர்கள் நினைவுகூர்கிறார்கள்.

கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதுதான் தகராறின் தொடக்கம் என்று ஊரெங்கும் பேசிக்கொண்டார்கள். ‘அரைப்படி’ என்ற அந்தச் சொல் பெரியவர் மனத்தில் முள்ளாகத் தைத்தது. நம் வீட்டுக் களத்தில் நாம் அளக்கும் அளவு சரிதானா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. அவருடைய மரக்கால் அவர் தந்தையார் காலத்தது. பலா மரத்தில் கடைந்து பித்தளைப் பூண் போட்டது. 1938-இல் தந்தையார் காலமான நாளிலிருந்து முப்பது ஆண்டுகளாக அதனாலேயே கூலி அளந்து வந்திருக்கிறார். அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, கோவில் களஞ்சியத்தில் இருந்த மரக்காலோடு ஒப்பிட்டுப் பார்க்க உபதேசியாரிடம் சென்றார்.

இருவரும் நெல்லை நிரப்பி, தலை வழித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினார்கள். கோவில் மரக்கால் நிறையவில்லை. மீண்டும் செய்தார்கள். மீண்டும் நிறையவில்லை. குறைந்தது அரைப்படிக்குச் சற்றே கீழ். மரக்காலைக் கவிழ்த்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. எப்போதோ அடிப்பலகை உளுத்துப்போனமையால் தடித்த பலகை ஒன்றை மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். அந்தப் பலகையின் தடிப்பே அரைப்படியை விழுங்கியிருந்தது. தந்தையார் அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா என்பதைச் சொல்ல எவரும் உயிரோடு இல்லை.

“வியாபாரிக்கு விற்கும்போது அவன் தன் அளவால் அளந்துகொள்வான், அவனுக்கு நட்டமில்லை. கூலிக்காரர்களுக்கும் கோவிலுக்கும்தான் இந்த மரக்கால். ஆக, ஏழைக்கும் ஆண்டவருக்கும் மட்டும் முப்பது வருஷமாகக் குறைத்து அளந்திருக்கிறேன்.” இதைச் சொல்லிவிட்டு அவர் கோவில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார் என்று உபதேசியார் பின்னாளில் எங்களுக்குக் கூறினார்.

பரிகாரம்

அடுத்த முறை குருவானவர் வந்தபோது பெரியவர் பாவசங்கீர்த்தனம் செய்தார். அங்கே பேசப்பட்டது ஆண்டவருக்கும் அவருக்குமே தெரியும். ஆனால் வெளியில் வந்தபின் குருவானவரிடம் அவர் கேட்ட கேள்வி பலர் காதிலும் விழுந்தது. “சாமி, தெரியாமல் எடுத்தாலும் எடுத்ததுதானே? எப்படித் திருப்பிக் கொடுப்பது?” திருச்சபையின் போதனை இதில் தெளிவானது: பிறர் பொருள் நம் கையில் தங்கியிருந்தால், மனவருத்தம் மட்டும் போதாது, திருப்பிக் கொடுத்தாக வேண்டும், உரியவர் இறந்திருந்தால் அவர் மக்களுக்குச் சேரவேண்டும். சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதும் செய்த முதல் வேலை அதுவன்றோ?

1969-ஆம் ஆண்டு தை மாதம், சம்பா அறுவடை. களத்தில் பொலி குவித்தாயிற்று. பெரியவர் வேலையாட்கள் அனைவரையும் பெண்கள் உட்பட உட்காரச் சொன்னார். அவர்களிற் பெரும்பாலோர் எங்கள் பங்கையே சேர்ந்தவர்கள். ஆயினும் கோவிலில் அவர்கள் முழங்காலிடும் பக்கம் வேறு, நாங்கள் முழங்காலிடும் பக்கம் வேறு என்றிருந்த காலம் அது. அவர்கள் முன்னிலையில் பழைய மரக்காலைக் கவிழ்த்து, அடிப்பலகையைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, இரு கைகளையும் குவித்து மன்னிப்புக் கேட்டார்.

களத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, நாற்று நடுவதில் கைதேர்ந்த ஒரு மூதாட்டி எழுந்து சொன்னாராம்: “எங்களுக்குத் தெரியும் ஐயா. வீட்டுக்குப் போய் அளந்தா எப்பவும் கொறச்சல்தான். மத்த களத்தைவிட இங்கே கொறச்சல் கம்மியாச்சேன்னு பேசாம இருந்தோம்.”

இந்த ஒரு வாக்கியம் தம்மைச் சாட்டையால் அடித்தது போலிருந்தது என்று பெரியவர் சொல்வார். தாம் நல்லவர் என்று ஊர் சொன்னதை முப்பது ஆண்டுகளாக நம்பியிருந்தார். நல்லவர் என்பதன் பொருள், குறைவாகத் திருடுகிறவர் என்பதுதான் என அன்று அவருக்கு விளங்கியது.

அந்த அறுவடை முதல் அவர் புதிய மரக்கால் வாங்கினார். கூலியாகக் கொடுக்கும் ஒவ்வொரு கலத்துக்கும், அதாவது பன்னிரண்டு மரக்காலுக்கும், ஒரு மரக்கால் கூடுதலாக அளந்தார். ஏழு ஆண்டுகள் இதனைத் தவறாது செய்தார். முன்னர் வேலை செய்து இறந்தவர்களின் பிள்ளைகளைத் தேடி, வெளியூரில் இருந்தவர்களுக்கும் நெல்லை வண்டியில் அனுப்பினார். முதல் மரக்காலை அளக்கும்போது ‘ஒன்று’ என்னாமல் ‘லாபம்’ என்று எண்ணுவது நம் களத்து வழக்கம். வீட்டுக்கு அளக்கும்போது மட்டும் அவ்வாறு எண்ணி வந்த பெரியவர், அன்றுமுதல் வேலையாட்களுக்கு அளக்கும்போதும் ‘லாபம்’ என்றே தொடங்கினார்.

இது எளிதாக நடந்துவிடவில்லை. மற்ற நிலக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். “நீர் மன்னிப்புக் கேட்டால் நாங்கள் எல்லாரும் திருடர்கள் என்றாகிவிடாதா?” என்று வீட்டு வாசலில் வந்து கேட்டார்கள். இரண்டு பருவம் அவருக்கு உழவு மாடு இரவல் தருவாரில்லை. முறைத்தண்ணீர் அவர் வயலுக்கு இரவு இரண்டு மணிக்குத்தான் வந்தது. சில நாட்கள் வரவே இல்லை. வீட்டிலும் குறை உண்டாயிற்று. ஓட்டு வீடு கட்ட வைத்திருந்த பணம் நெல்லாகக் கரைந்தது. எங்கள் பாட்டியார் முதலில் அழுதார், பின்பு, “கூரை ஒழுகினால் பாத்திரம் வைக்கலாம், மனசு ஒழுகினால் எதை வைப்பது?” என்று சொல்லி அவர் பக்கம் நின்றார். எங்கள் வீட்டுக்கு ஓடு ஏறியது 1976-இல்தான்.

மறு ஆண்டே, 1977 நவம்பர் 12-ஆம் நாள், நாகைக் கரையைத் தாக்கிய பெரும் புயல் அவ்வோடுகளை வாரி எறிந்தது. மழை விடுமுன்னரே கீற்றுக் கட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தவர்கள் அந்த வேலையாட்கள்தாம். அவர்கள் குடிசைகளும் விழுந்திருந்தன. முதியவரும் குழந்தைகளும் இருக்கும் வீடு என்று எங்கள் வீட்டை முதலில் வேய்ந்து கொடுத்துவிட்டுத் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். கூலி கேட்கவில்லை. பெரியவர் அவர்களோடு சென்று, மூன்று நாட்கள் அவர்கள் குடிசைகளுக்குக் கம்பு நட்டார். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்புப் பூசையில் அவர் வழக்கமான இடத்துக்குச் செல்லாமல், மறுபக்கம் சென்று அவர்கள் நடுவே முழங்காலிட்டார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு இன்னும் இரு குடும்பங்கள் அவரைப் பின்பற்றின. கோவிலில் இருந்த அந்தக் கண்ணுக்குத் தெரியாத வரப்பு ஒரே நாளில் கரைந்துவிட்டது என்று சொல்லமாட்டோம். ஆனால் முதல் மண்வெட்டி விழுந்தது அன்றுதான்.

மூன்று மா நிலமும் ஐந்து பிள்ளைகளும்

75 வயது நிறைந்த 1985-ஆம் ஆண்டில் பெரியவர் தம் நிலத்தைப் பங்கிட எண்ணினார். மகன்மார் மூவர், மகள்மார் இருவர். ஊர் வழக்கப்படி நிலம் ஆண்மக்களுக்கு. பெண்மக்களுக்கு நகையும் சீரும் கொடுத்தாயிற்று என்பார்கள். பெரியவர் 15 மாவையும் ஐந்தாக்கி, ஆளுக்கு 3 மா என்று எழுதினார்.

எங்கள் தந்தையருக்கு அது பிடிக்கவில்லை. அவர்களைக் குறைகூற நாங்கள் இதை எழுதவில்லை. அக்காலத்தில் எவர்க்கும் பிடித்திராது. “பெண்கள் வேறு வீட்டுக்குப் போனவர்கள் அல்லவா?” என்று கேட்டனர். கிறிஸ்தவர்களுக்குரிய 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு அளிக்கிறது. எழுத்தர் அதனை எடுத்துக் கூறினார். ஆனால் பெரியவர் சட்டத்தைக் காட்டி வாதாடவில்லை. “களை பறிக்கும்போது இவள் பெண் என்று வெயில் குறைத்துக் காய்ந்ததா? ஒருமுறை மரக்காலில் தவறினேன். மறுமுறை நிலத்தில் தவற வேண்டுமா?” என்றார். அதற்குப் பதில் இருக்கவில்லை.

முறைத்தண்ணீர் அல்லேன்

1991-இல் பாட்டியார் ஆண்டவரில் இளைப்பாறினார். தனிமையான பெரியவரை மகன்மார் மாதம் ஒருவராக முறைவைத்துப் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். இன்று பல குடும்பங்களில் நடப்பதுதான். ஒரு மாதம் இங்கே, மறுமாதம் அங்கே என்று ஒரு துணிப்பையோடு முதியவர்கள் அலைவதை நாம் காண்கிறோம். முப்பதாம் தேதி வரையில் மருமகள். முதல் தேதி முதல் விருந்தாளி. பெரியவர் மூன்று மாதம் பொறுத்தார். பின்னர் மக்கள் ஐவரையும் அழைத்து அமைதியாகச் சொன்னார்: “நான் முறைத்தண்ணீர் அல்ல. ஒரே வாய்க்காலில் ஓடிவிட்டுப் போகிறேன். யாராவது ஒருவர் மடை திறந்தால் போதும்.”

உள்ளூரிலேயே மணமுடித்திருந்த மூத்த மகள் எழுந்து, “என் வீட்டில் இருங்கள் அப்பா” என்றார். அங்கே அவர் பத்து ஆண்டுகள் இருந்தார். மகன்மார் ஒவ்வோர் அறுவடையிலும் தந்தைக்கென நெல் கொண்டுவந்து சேர்த்தார்கள். நாளடைவில் நிலப் பிணக்கும் தீர்ந்தது. பெற்றோரையும் மூத்தோரையும் பராமரிக்கும் கடமையைப் பற்றி நம் நாட்டில் 2007-இல் ஒரு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சட்டம் சோற்றைப் பெற்றுத் தரும். அச்சோற்றைப் பரிமாறும் கையில் அன்பிருக்க வேண்டுமானால், அது வேறிடத்திலிருந்து வரவேண்டும். சீனாய் மலையில் நான்காம் கற்பனையாகக் கொடுக்கப்பட்டது அதுவே.

அந்தப் பத்து ஆண்டுகளும் எங்களுக்கு அருள்நிறை ஆண்டுகள். கோடை விடுமுறையில் பதினொருவரும் அங்கே கூடுவோம். மாலையில் செபமாலை, அதன்பின் கதை. எந்த நாரை எந்தத் திசையில் பறந்தால் மழை, தும்பி தாழப் பறந்தால் என்ன பொருள், நாற்றின் நிறம் கண்டு பசியை அறிவது எப்படி என்றெல்லாம் சொல்லித் தருவார். எங்களில் எவரேனும் தேர்வில் முதலாவதாக வந்தேன் என்று சொன்னால், “நல்லது. பக்கத்தில் இருந்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தாயா?” என்பதே அவர் கேட்கும் ஒரே கேள்வி.

நல்ல அறுவடை

2001 பிப்ரவரி. சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. சில நாட்களாகப் பெரியவர் கஞ்சி மட்டும் குடித்தார். பங்குத்தந்தையை வரவழைத்து, நோயிற்பூசுதலையும் திவ்விய நற்கருணையையும் தெளிந்த அறிவோடு பெற்றார். மறுநாள் மாலை களத்திலிருந்து வந்த மகளிடம், “கூலி அளந்தாயிற்றா?” என்று கேட்டார். “அளந்தாயிற்று அப்பா.” “தலை வழித்தா, குவித்தா?” “குவித்துத்தான்.” தலையசைத்தார். அன்றிரவு, அவரைச் சுற்றி நாங்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கையில், உயிர் பிரிந்தது.

அடக்கத்தின்போது பாடையின் ஒருபுறத்தை மகன்மாரும் பேரன்மாரும் சுமந்தார்கள். மறுபுறத்தைச் சுமந்தவர்கள், 1969-இல் அந்தக் களத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகள். நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை, அவர்களாகவே முன்வந்து தோள் கொடுத்தார்கள். கல்லறையில் மண் தள்ளும்போது ஒருவர் ஒரு பிடி புதுநெல்லையும் சேர்த்துப் போட்டார். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி ஆண்டவர் மொழிந்ததை விளக்க, அன்று மறையுரை தேவைப்படவில்லை.

குறையான அந்தப் பழைய மரக்காலைப் பெரியவர் எரிக்கவிடவில்லை. மூத்த மகளின் வீட்டு உத்தரத்தில் அது இன்றும் தொங்குகிறது. அதில் எதையும் அளப்பதில்லை. புதிதாக அக்குடும்பத்தில் வாழ்க்கைப்படும் பெண்ணுக்கும், முதற்சம்பளம் வாங்கும் பிள்ளைக்கும் அதன் அடிப்பலகையைக் காட்டிக் கதையைச் சொல்வது வழக்கமாகிவிட்டது.

நம் வீட்டு மரக்கால்

அன்புக் குடும்பத்தினரே! எங்கள் பாட்டனார் பீடத்துக்குரிய புனிதர் என்று சொல்வதற்காக இதனை எழுதவில்லை. அவருக்குக் கோபம் உண்டு, பிடிவாதம் உண்டு, மூக்குப்பொடியை விடுவதாகத் தவக்காலந்தோறும் வாக்குக் கொடுத்து, உயிர்ப்பு ஞாயிறன்று அதனை மறந்துவிடும் பலவீனமும் உண்டு. ஆனால் தம் அளவு குறைவானது என்று அறிந்த அன்றே அதைத் திருத்தும் துணிவு அவருக்கு இருந்தது. அத்துணிவையே அவர் எங்களுக்குச் சொத்தாக வைத்துச் சென்றார்.

நம்மில் பலர் இன்று நெல் அளப்பதில்லை. ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மரக்கால் இருக்கத்தான் செய்கிறது. பாத்திரம் துலக்கும் பெண்ணுக்குக் கொடுக்கும் மாதச் சம்பளம் ஒரு மரக்கால். கடையில் நிறுத்தும் தராசு ஒரு மரக்கால். மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதி, மருமகளுக்கு வேறொரு நீதி என்று பேசும் நாவும் ஒரு மரக்கால். அடிப்பலகையை எப்போதாவது நாம் கவிழ்த்துப் பார்த்திருக்கிறோமா? பெற்றுக்கொள்பவர் பேசாமலிருப்பதால் அளவு சரியாகிவிடாது. அவர் வீட்டுக்குப் போய் அளந்து பார்க்கிறார்.

திருத்தந்தை பிரான்சிசு 2021-ஆம் ஆண்டில், தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தினார். ஆண்டவரின் பாட்டனாரும் பாட்டியாருமான புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாளாகிய ஜூலை 26-ஐ ஒட்டி, ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று அது கொண்டாடப்படுகிறது. அந்நாளில் முதியோர்க்கு மாலையிட்டு, இனிப்பு வழங்கிவிட்டு நின்றுவிடவேண்டாம். பிள்ளைகள் அவர்கள் அருகில் உட்கார்ந்து கேட்கட்டும்: நீங்கள் பயிரிட்ட நெல் எது? எந்தப் புயலில் என்ன இழந்தீர்கள்? எப்போது தவறினீர்கள், எப்படித் திருத்தினீர்கள்? கேட்டவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். வெற்றிகளை மட்டும் எழுதவேண்டாம். பெரியோர் தம் குறையை வெளிப்படையாகச் சொல்லும் வீட்டில்தான் பிள்ளைகள் உண்மை பேசக் கற்கிறார்கள்.

நவம்பர் மாதத்தில் கல்லறைகளை மந்திரிக்கும்போது நாம் மெழுகுதிரி ஏற்றுகிறோம், மலர் சாத்துகிறோம். அவற்றோடு, மறைந்த நம் முன்னோர் யாருக்கேனும் கொடுக்கவேண்டியதைக் கொடாமல் போயிருப்பின், அதனை நாம் கொடுத்துத் தீர்ப்பது அவர்கள் ஆன்மாவுக்குச் செய்யும் சிறந்த செபமாகும். அளவைகளின் ஆண்டவர் நம் கையிலுள்ள மரக்காலைத் தலை வழியாமல் குவித்து அளக்கும் மரக்காலாக ஆக்குவாராக!